பழைய ஸ்கேனர் ஓடுகிறது, புது வைஃபை அடம்பிடிக்கிறது: லினக்ஸ் கணினி ஏன் இப்படி?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான இலவச அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. வீட்டில் பயன்படுத்துவோர் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்பு அப்டேட்டுகள் மட்டும் 2026 அக்டோபர் 13 வரை வரும் என்று ஒரு நீட்டிப்பும் கொடுத்தது. விண்டோஸ் 11-க்கு மாறிவிடலாம் என்றால், அது டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது. இன்டெல் பிராசஸர் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். 2016-இல் வாங்கிய லேப்டாப் எவ்வளவு நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச ஓஎஸ் லினக்ஸ். "பேசாம லினக்ஸ் போட்டுடு" என்ற யோசனை இப்போது அடிக்கடி காதில் விழுவது இதனால்தான். போட்டுப் பார்த்தவர்கள் சொல்வதுதான் குழப்பமாக இருக்கிறது. "பத்து வருஷ லேப்டாப், புதுசு மாதிரி ஓடுது" என்கிறார் ஒருவர். "வைஃபையே வரலை, ரெண்டு நாள் மல்லுக்கட்டிட்டு பழையபடி விண்டோஸே போட்டுட்டேன்" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. லினக்ஸ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், இவர்களில் யார் கட்சியில் நாம் சேருவோம் என்பதை ஓரளவு முன்கூட்டியே கணிக்கலாம்.

## முதலில், எது லினக்ஸ்?

லினக்ஸ் என்ற பெயர் கண்டிப்பாகப் பார்த்தால் ஒரு சிறு பகுதிக்குத்தான் உரியது. ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் எழுதத் தொடங்கியது கெர்னல் மட்டுமே. நம் திரையில் தெரிவது பல கைகள் தனித்தனியாகச் செய்த பாகங்களின் கூட்டு:

1. கெர்னல்: பிராசஸர், நினைவகம், டிஸ்க், யுஎஸ்பி போன்ற வன்பொருளோடு நேரடியாகப் பேசும் அடிப்படை நிரல்.
2. டிரைவர்: ஒரு குறிப்பிட்ட சாதனத்தோடு எப்படிப் பேசுவது என்று தெரிந்த பகுதி. லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கெர்னலின் மூலநிரலுக்குள்ளேயே (நிரலாளர்கள் எழுதிய வடிவத்துக்குள்ளேயே) இருக்கின்றன. இது முக்கியம், கீழே திரும்ப வருவோம்.
3. ஃபர்ம்வேர்: சாதனத்தின் சிப்புக்குள் ஓடும் நிரல். வைஃபை சிப்புகள் பலவற்றுக்கு ஒவ்வொரு முறை கணினியைப் போடும்போதும் இதை உள்ளே ஏற்ற வேண்டும்.
4. டிஸ்ப்ளே சர்வர்: சாளரங்களைத் திரையில் வரைவதற்கும், விசைப்பலகை, மவுஸ் சமிக்ஞைகளை உரிய செயலிக்கு அனுப்புவதற்குமான பகுதி. பழையது எக்ஸ்11, புதியது வேலண்ட்.
5. டெஸ்க்டாப் சூழல்: மெனு, பேனல், கோப்பு உலாவி எல்லாம் சேர்ந்த முகம். க்னோம், கேடிஇ பிளாஸ்மா, சின்னமன் ஆகியவை பரவலானவை.
6. டிஸ்ட்ரோ: மேலே சொன்னதையெல்லாம் பொறுக்கி, பொருத்தி, சோதித்து, ஒரே பொதியாகத் தருபவர்கள். டெபியன் 1993-லிருந்தும், உபுண்டு 2004-லிருந்தும், லினக்ஸ் மிண்ட் 2006-லிருந்தும் இதைச் செய்கின்றன.

ஆக, "லினக்ஸில் சத்தம் வரவில்லை" என்று ஒருவர் சொன்னால் அதில் பாதித் தகவல்கூட இல்லை. எந்த டிஸ்ட்ரோ, எந்தக் கெர்னல், என்ன சிப் என்ற மூன்றும் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

## கெர்னலின் ஒரு விதி, இரண்டு விளைவு

டோர்வால்ட்ஸ் கறாராகக் கடைப்பிடிக்கும் ஒரு விதி உண்டு: கெர்னலில் என்ன மாற்றம் செய்தாலும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் உடையக் கூடாது. செயலிகளுக்குக் கொடுத்த இந்த வாக்குறுதி டிரைவர்களுக்குக் கிடையாது. கெர்னலின் உட்புற இணைப்புகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய கெர்னல் வருகிறது. ஒவ்வொன்றிலும் உள்ளே ஏதாவது இடம் மாறியிருக்கும்.

டிரைவர் கெர்னல் மூலநிரலுக்குள்ளேயே இருந்தால் கவலை இல்லை. உள் இணைப்பை மாற்றுகிறவரே அந்த டிரைவரையும் சேர்த்துத் திருத்திவிட வேண்டும் என்பது அங்குள்ள நடைமுறை. சாதனத்தைத் தயாரித்த நிறுவனம் மூடப்பட்டிருந்தாலும், அந்த மாடலை மறந்தேபோயிருந்தாலும், டிரைவர் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்கேனர்களுக்கு இதேபோல் 'சேன்' என்ற பொதுத் திட்டம் இருக்கிறது. நிறுவனம் புதிய விண்டோஸுக்கு டிரைவர் தராமல் கைகழுவிய ஸ்கேனர்கள் பல, லினக்ஸில் செருகியவுடன் ஓடுவது அதனால்தான்.

டிரைவர் வெளியே இருந்தால் கதையே வேறு. சந்தையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் விரல்நுனி அளவு யுஎஸ்பி வைஃபை அடாப்டரை எடுத்துக்கொள்வோம். உள்ளே ரியல்டெக்கின் 8821சியூ சிப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செருகியதும் முதலில் அது வைஃபை சாதனமாகவே தலைகாட்டாமல் போகலாம். 'சிடி டிரைவ்' என்று சொல்லிக்கொண்டு வரும். அதற்குள் விண்டோஸ் டிரைவர் கோப்பு இருக்கும். விண்டோஸ்காரருக்கு அது வசதி. லினக்ஸில், "நீ சிடி இல்லை, வைஃபையாக மாறு" என்று அதற்குக் கட்டளை அனுப்பவே ஒரு தனி நிரல் வேண்டும். மாறிய பிறகும், பழைய கெர்னலில் அதற்கான டிரைவர் கிடையாது. யாரோ ஒரு தன்னார்வலர் இணையத்தில் வைத்திருக்கும் மூலநிரலை இறக்கி, நம் கணினியிலேயே தொகுக்க (ஓடக்கூடிய நிரலாக மாற்ற) வேண்டும். வைஃபை இல்லாத கணினியில் வைஃபை டிரைவரை எப்படி இறக்குவது என்று கேட்டால், போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங்கைப் போடுவதுதான் வழி. அது பெரும்பாலும் உடனே வேலை செய்யும், ஏனென்றால் அதற்கான டிரைவர் கெர்னலுக்குள் இருக்கிறது.

இவ்வளவும் செய்து இணையம் வந்துவிட்டது. அடுத்த மாதம் கெர்னல் அப்டேட் வருகிறது, மறுதொடக்கம் செய்கிறோம், வைஃபை போய்விட்டது. வெளி டிரைவர் பழைய கெர்னலுக்காகத் தொகுக்கப்பட்டது, புதியதற்குப் பொருந்தாது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தானாகவே மறுபடி தொகுக்கும் 'டிகேஎம்எஸ்' என்ற ஏற்பாடு இருக்கிறது. கெர்னலின் உள் இணைப்பு மாறியிருந்தால் அதுவும் பாதியில் நின்றுவிடும்.

2023 பிப்ரவரியில் வந்த கெர்னல் 6.2-இல் இந்த வகை ரியல்டெக் யுஎஸ்பி சிப்புகளுக்கான டிரைவர் உள்ளேயே சேர்ந்தது. அதே அடாப்டர், அதே கணினி. அதற்குப் பிந்தைய கெர்னல் உள்ள டிஸ்ட்ரோவைப் போட்டவருக்கு இப்படி ஒரு தொல்லை இருந்ததே தெரியாமல் போக வாய்ப்பு உண்டு. இணையத்தில் 2020-இல் எழுதிய குறிப்பைப் பார்த்து, தேவையே இல்லாத வெளி டிரைவரைப் போட்டு, நன்றாக இருந்ததைக் கெடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. லினக்ஸ் பற்றிய எந்த ஆலோசனையைப் படித்தாலும் முதலில் தேதியைப் பார்ப்பது நல்லது.

கிராஃபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவின் கதையும் இதே தடத்தில் போனதுதான். நிறுவனம் லினக்ஸோடு ஒத்துழைக்கவில்லை என்ற கோபத்தில், 2012-இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் டோர்வால்ட்ஸ் கேமராவைப் பார்த்து நடுவிரலைக் காட்டினார். 2022 மே மாதத்தில் கெர்னலுக்கான பகுதியின் மூலநிரலை என்விடியா வெளியிட்டது. ஆனால் அது 2018-இல் வந்த டூரிங் தலைமுறை முதலான கார்டுகளுக்கு மட்டும். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580 டிரைவர் வரிசையே கடைசி என்று அறிவித்துவிட்டார்கள். இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ளவர்களுக்கு இந்தப் பத்தியே தேவையில்லை, அவற்றின் டிரைவர்கள் கெர்னலுக்குள்தான் இருக்கின்றன.

ஃபர்ம்வேர் விஷயத்தில் சிக்கலுக்குக் காரணம் கொள்கை. டெபியன் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில், மூலநிரல் வெளியிடப்படாத ஃபர்ம்வேரை நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது உள்ளேயே வருகிறது. டெபியனில் வைஃபை வராது என்ற பழைய பேச்சு பெரும்பாலும் இங்கிருந்து வந்தது.

## பிரிண்டர்: நம் கடைகளில் உள்ள இரண்டு விதிவிலக்குகள்

வைஃபை உள்ள இன்றைய பிரிண்டர்கள் பொதுவான ஒரு நெறிமுறையில் பேசுகின்றன. லினக்ஸில் அச்சுப் பணியைக் கவனிக்கும் 'கப்ஸ்' அவற்றைத் தானே கண்டுபிடித்துவிடும், டிரைவரே வேண்டாம்.

நம் ஊர் ஜெராக்ஸ் கடைகளிலும் டிடிபி மையங்களிலும் பார்க்கும் பழைய சின்ன லேசர்கள் அப்படி அல்ல. கேனான் எல்பிபி 2900 தன் நிறுவனத்தின் சொந்த மொழியான 'கேப்ட்'-இல்தான் பேசும். அதற்கான லினக்ஸ் டிரைவரை ஏற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. எச்பி லேசர்ஜெட் 1020-க்கு, பிரிண்டரைப் போடும் ஒவ்வொரு முறையும் கணினியிலிருந்து ஃபர்ம்வேர் ஏற்ற வேண்டும். எச்பியின் லினக்ஸ் மென்பொருள் அதைச் செய்யும், ஆனால் தனியாக ஒரு பிளக்இன் இறக்கச் சொல்லும். கடைக்காரர் லினக்ஸுக்கு மாறும் முன் முதலில் பார்க்க வேண்டியது இந்த ஒன்றைத்தான்.

## திரையில் நடக்கும் மாற்றம்

எக்ஸ் சாளர அமைப்பு 1984-இல் எம்ஐடியில் பிறந்தது. இன்றைய எக்ஸ்11 1987-இல் வந்தது. அந்தக் காலத்து நம்பிக்கையில் எழுதப்பட்டதால், அதில் ஓடும் எந்தச் செயலியும் மற்றொரு செயலியில் நீங்கள் தட்டும் எழுத்துகளைப் படிக்கலாம், திரையைப் படமெடுக்கலாம். வங்கிக் கடவுச்சொல் தட்டும் கணினியில் இது சரிப்பட்டு வராது. 2008-இல் தொடங்கிய வேலண்ட் இந்தக் கதவை மூடியது.

கதவை மூடியதும், அதன் வழியாகப் போய்வந்த நல்லவர்களும் மாட்டிக்கொண்டார்கள். வீடியோ கூட்டத்தில் திரையைப் பகிர்வது, தொலைவிலிருந்து கணினியை இயக்குவது, குறுக்குவிசையில் வாசகத்தைத் தட்டித் தரும் சின்னக் கருவிகள் எல்லாமே பழைய திறந்த கதவை நம்பியவை. இப்போது திரைப் பகிர்வுக்கு, பயனரிடம் அனுமதி கேட்டு, பைப்வயர் என்ற பகுதி வழியாகப் படத்தை அனுப்பும் முறை வந்திருக்கிறது. புதிய பிரவுசர்களில் அது ஒழுங்காக நடக்கிறது. பழைய செயலிகளில் கறுப்புத் திரைதான் போகும்.

2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10-இல் க்னோமை எக்ஸ்11-இல் தொடங்கும் வசதியை எடுத்தே விட்டார்கள். லினக்ஸ் மிண்டின் சின்னமன் இன்னும் எக்ஸ்11-ஐயே முதன்மையாக வைத்திருக்கிறது. புதிதாக வருகிறவருக்கு மிண்டைப் பரிந்துரைப்பதற்கு அதன் முகம் விண்டோஸ் போல இருப்பதைவிட இது வலுவான காரணம் என்பேன்.

## ஒரே டிஸ்கில் இரண்டும் இருந்தால்

விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் போடுகிறவர்களுக்கென்று சில தனித் தொல்லைகள் உண்டு:

1. கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தவறுவது. மதர்போர்டில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். காலை 10 மணிக்கு லினக்ஸை அணைத்துவிட்டு விண்டோஸைப் போட்டால், இந்தியாவிலும் இலங்கையிலும் 4:30 என்று காட்டும். விண்டோஸ் இணையத்தைப் பார்த்துத் திருத்தி எழுதிய பிறகு லினக்ஸுக்கு வந்தால், அங்கே நேரம் மதியம் 3:30-இல் தொடங்கும். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. இரண்டில் ஒன்றின் அமைப்பில் ஒரே ஒரு மாற்றம் போதும்.

2. விண்டோஸ் டிரைவில் எழுத முடியாமல் போவது. விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதி, கணினியை முழுதாக அணைக்காமல் பாதி உறக்கத்தில் வைக்கிறது. அந்த நிலையில் லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும். லினக்ஸின் குறை போலத் தெரியும், உண்மையில் உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுகிறது. விண்டோஸில் அந்த வசதியை நிறுத்தினால் தீர்ந்தது.

3. செக்யூர் பூட். கணினி தொடங்கும்போது, கையொப்பமிட்ட நிரலை மட்டும் ஓடவிடும் பூட்டு இது. லினக்ஸ் டிஸ்ட்ரோக்களின் முதல் நிரலான 'ஷிம்'-க்குக் கையொப்பம் இடுவது மைக்ரோசாஃப்ட். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று பழைய ஷிம்களைத் தடைசெய்ததில், இரண்டும் உள்ள பல கணினிகளில் லினக்ஸ் பக்கம் தொடங்காமல் நின்றது. கையொப்பத்துக்குப் பயன்பட்ட 2011-ஆம் ஆண்டுச் சான்றிதழின் காலம் 2026 ஜூனோடு முடிகிறது. ஏற்கெனவே ஓடும் கணினி அதனால் நின்றுவிடாது; அதற்கு மாற்றாக வந்த புதிய சான்றிதழ் ஏறாத பழைய கணினியில், அந்தப் புதிய சான்றிதழின்படி மட்டும் கையொப்பமிட்ட இன்ஸ்டாலர் தொடங்காமல் போகலாம். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு இன்ஸ்டால் செய்வது அப்போதைக்கு வழி.

## தமிழில் வேலை செய்கிறவருக்கு

தமிழ்99 தட்டுவதற்குச் சிக்கலில்லை. 'ஐபஸ்-எம்17என்' என்ற பொதியைச் சேர்த்தால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், பழைய தட்டச்சு முறை, ஒலிபெயர்ப்பு எல்லாம் வந்துவிடும். எழுத்துருக்களுக்கு லோகித், நோட்டோ இரண்டும் இருக்கின்றன. என்எச்எம் ரைட்டருக்குப் பழகிய கைகள் மட்டும் கொஞ்சம் தடுமாறும், அது விண்டோஸுக்கானது.

தொல்லை வருவது ஆவணப் பரிமாற்றத்தில். வேர்டில் லதா எழுத்துருவில் அடித்த ஒரு பக்கக் கடிதத்தை, லினக்ஸில் உள்ள அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் திறந்தால், அங்கே லதா இல்லாததால் வேறொரு எழுத்துரு அந்த இடத்துக்கு வரும். எழுத்தின் அகலம் மாறி, 'இப்படிக்கு' என்பதும் கையொப்பமும் இரண்டாம் பக்கத்துக்கு இறங்கிவிடும். ஆங்கிலத்தில் காலிப்ரிக்கு அதே அகலம் கொண்ட கார்லிட்டோ, ஏரியலுக்கு லிபரேஷன் என்று மாற்றுகள் சேர்ந்தே வருகின்றன. லதாவுக்கு அப்படி எதுவும் வருவதில்லை. நோட்டோ போன்று இரு பக்கமும் கிடைக்கும் எழுத்துருவில் எழுதுவதோ, பிடிஎஃப் ஆக அனுப்புவதோதான் பாதுகாப்பு. யுனிகோடுக்கு முந்தைய பாமினி, வானவில் காலத்துக் கோப்புகளைப் பொறுத்தவரை, அந்த எழுத்துருக் கோப்பை வைத்திருந்தால் லினக்ஸிலும் படிக்கலாம். தொடர்ந்து அதிலேயே தட்டச்சு செய்யத்தான் கஷ்டம்.

## அப்படியானால் ஏன் விடாமல் இருக்கிறார்கள்?

பெரிய சுகம் அப்டேட். பிரவுசர், அலுவலக மென்பொருள், வீடியோ இயக்கி, கெர்னல் எல்லாவற்றையும் ஒரே இடம் கவனிக்கிறது. எப்போது போடுவது என்பது நம் முடிவு. போட்டுக்கொண்டிருக்கும்போதே வேலையைத் தொடரலாம். பெரும்பாலும் கெர்னல் மாறினால் மட்டும் வசதிப்பட்ட நேரத்தில் மறுதொடக்கம். இதிலும் ஒரு கறை உண்டு. உபுண்டு ஃபயர்ஃபாக்ஸைத் தன் சொந்தப் பொதி வடிவமான 'ஸ்னாப்'-க்கு மாற்றியபின், "செயலியை மூடுங்கள், அப்டேட் காத்திருக்கிறது" என்ற நச்சரிப்பு வந்து சேர்ந்தது. மிண்ட் 2020-லேயே ஸ்னாப்பை வாசலில் நிறுத்திவிட்டது.

அடுத்தது, கோளாறு வந்தால் கணினி வாயைத் திறக்கும். கெர்னலின் பதிவேட்டில், எந்த விநாடியில், எந்தச் சாதனம், எந்த ஃபர்ம்வேர் கோப்பைத் தேடிக் கிடைக்காமல் நின்றது என்று கோப்பின் பெயரோடு வரி இருக்கும். அந்தப் பெயரை அப்படியே எடுத்துத் தேடினால், எந்தப் பொதியைச் சேர்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். "ஏதோ தவறு நடந்துவிட்டது" என்ற ஒற்றை வரியோடு நிற்கும் கணினியில் வருடக்கணக்காக வேலை பார்த்தவருக்கு, இதன் ருசி ஒருமுறை கண்டால் போதும்.

மூன்றாவது, டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கணினியில் மாட்டினால் பெரும்பாலும் அப்படியே எழுந்து நிற்கும். டிரைவர்கள் எல்லாம் கெர்னலோடு இருப்பதன் பலன் இது. மதர்போர்டு போன லேப்டாப்பின் எஸ்எஸ்டியை இன்னொன்றில் போட்டு, அதே வால்பேப்பர், அதே பிரவுசர் டேப்களோடு வேலையைத் தொடரலாம்.

ஒன்றை மட்டும் மிகைப்படுத்த வேண்டாம். 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் மிண்ட் இலகுவாக ஓடும் என்பது சரி. குரோமில் இருபது டேப் திறந்தால் அங்கேயும் மூச்சு முட்டும். இணையதளங்களின் எடையை எந்த ஓஎஸ்ஸும் குறைக்காது.

## போடும் முன் பார்க்க வேண்டியவை

1. அன்றாட வேலைக்கு எந்தச் செயலி இல்லாமல் முடியாது என்று எழுதிப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆபிஸின் டெஸ்க்டாப் வடிவம், ஃபோட்டோஷாப், டேலி ஆகியவை லினக்ஸுக்கு வருவதில்லை. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓடவைக்கும் 'வைன்' மூலம் சில பதிப்புகளை ஓட்டுகிறவர்கள் உண்டு; மாதக் கடைசியில் கணக்கு முடிக்க வேண்டிய கணினியில் அந்தச் சோதனை வேண்டாம்.

2. விளையாட்டு என்றால், இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் உள்ள ஏராளமான விளையாட்டுகள், அதை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-இல் கொண்டுவந்த புரோட்டான் மூலம் ஓடுகின்றன. வேலரன்ட் போல, விண்டோஸ் கெர்னலுக்குள் காவல் வைக்கும் விளையாட்டுகள் ஓடாது.

3. பென் டிரைவில் டிஸ்ட்ரோவை ஏற்றி, எதையும் இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே தொடங்குங்கள். வைஃபை, சத்தம், வெப்கேம், பிரிண்டர், திரையின் ஒளி அளவு எல்லாவற்றையும் சோதியுங்கள். லேப்டாப்பை மூடித் திறந்து, உறக்கத்திலிருந்து சரியாக எழுகிறதா என்றும் பாருங்கள். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் பழைய ஆழ்உறக்க முறையே இல்லை. பைக்குள் வைத்த கணினி சூடாகி, பேட்டரி கரைந்திருக்கும்.

4. ஏதாவது ஓடவில்லை என்றால், அதே டிஸ்ட்ரோவின் புதிய பதிப்பையோ, புதிய கெர்னல் உள்ள ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோவையோ இன்னொரு பென் டிரைவில் போட்டுப் பாருங்கள். அதிலும் ஓடவில்லை என்றால், டிரைவர் இன்னும் கெர்னலுக்குள் வரவில்லை என்பதே பெரும்பாலும் பொருள். கெர்னலுக்குள் டிரைவர் உள்ள இன்னொரு யுஎஸ்பி வைஃபை அடாப்டரை வாங்கிவிடுவது, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் இரண்டு இரவு உட்காருவதைவிட மலிவு.